மோதகம் தின்ற இரவு போய் நான்கு மாதம், தலை இன்னும் தெளியவில்லை

வாவிக்கரையான் | களுவாஞ்சிக்குடிப் பக்கம் | ஞாயிறு, இரவு 11.52

வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் எனக்கு எழுதத் துணிவு வருகிறது.

வயது 23. இரண்டு வருடமாக, மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கூட்டாளிகளோடு கஞ்சா புகைத்திருக்கிறேன். அதனால் பெரிய தொந்தரவு வந்ததில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு போயா (பௌர்ணமி) இரவு கடற்கரையில் இருந்தபோது ஒருவன் கஞ்சா கலந்த மதன மோதகம் கொண்டுவந்தான். கறுப்பு உருண்டை, கருப்பட்டி வாசம். ஒன்று தின்றேன். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. இது வெறும் இனிப்பு என்று சொல்லி இன்னும் இரண்டு தின்றேன்.

பிறகு வந்ததை எப்படி எழுதுவது? அலை கரையில் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதன் சத்தம் வெகுநேரம் கழித்து முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலால் தெரிந்தது. மூச்சை இழுத்து இழுத்து இரண்டு கைவிரல்களும் உள்ளே மடங்கி விறைத்துவிட்டன. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நம்பினேன். கூட்டாளிகள் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். விடியும்போது உறங்கினேன்.

அன்றிலிருந்து சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த இரவு என்னை விட்டுப் போகவில்லை. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்தால், அலைவரிசை கிடைக்காத பழைய தொலைக்காட்சியைப் போல் சிறு புள்ளிகள் கொதிக்கின்றன. உச்சந்தலையில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியது போல் ஒரு பாரம். உறக்கம் பிடிக்கும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது. காதில் ஓயாத கூவல். சிறுவயதில் அப்பப்பா தோணியில் வைத்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கச் சொல்வார். இது ஏறத்தாழ அதே சத்தம்தான். ஆனால் துடுப்பை எடுத்தால் அது நிற்கும், இது நிற்பதில்லை.

எல்லாவற்றையும் விடப் பயமானது வேறொன்று. அம்மா சோறு போட்டுத் தருகிறார். அது அம்மாதான் என்று தெரிகிறது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து தருவது போல் இருக்கிறது. என் கையையே பார்க்கிறேன், அது யாருடைய கையோ போல் இருக்கிறது.

இரண்டு இடங்களில் காட்டினேன். ஓரிடத்தில் காஸ்ட்ரிக் என்றார்கள், மற்ற இடத்தில் சத்துக் குளிசை தந்தார்கள். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தார். ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. இப்போது செய்வினை என்று சொல்லி மணிக்கட்டில் நூல் கட்டியிருக்கிறார்கள்.

என் மூளை கருகிவிட்டதா? யாருக்காவது இப்படி வந்து போயிருக்கிறதா?

மண்முனை அண்ணன் | திங்கள், காலை 6.10

தம்பி, எனக்கு வந்தது, போகவும் செய்தது. அதனால்தான் கண்விழித்ததும் முதல் வேலையாக உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு வந்தது புகைத்ததால். கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். நடுப்பாலத்தில் பாலம் வாவிப் பக்கமாகச் சரிகிறது என்று தோன்றியது. இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். வாகனக்காரர்கள் ஹோர்ன் அடித்துப் போனார்கள். அதன்பிறகு எட்டு மாதம் அந்தப் பாலத்தில் தனியாக ஏறியதில்லை. வேலைக்குப் பஸ்ஸில், கண்ணை மூடிக்கொண்டு போவேன். முழுதாகத் தெளிய 14 மாதம் எடுத்தது. ஒருநாள் எழும்பியதும் சுகமாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் பத்து நிமிடம் மறந்திருப்பீர்கள், பிறகு ஒரு மணி நேரம்.

ஒன்று கேட்கிறேன். போன இடங்களில் மோதகத்தைப் பற்றிச் சொன்னீர்களா?

தென்னந்தோப்பு | திங்கள், காலை 9.30

இளநீரும் மோரும் குடியுங்கள். உடம்பில் தங்கிய விஷம் இறங்கினால் எல்லாம் சரியாகும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கஷாயப் பொதி விற்கிறார்கள்.

பரிகாரி பேரன் | ஆரையம்பதி | திங்கள், பகல் 1.15

என் அப்பப்பா நாற்பது வருடம் பரிகாரம் பார்த்தவர், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கஞ்சாவை விஷம் என்று ஒரே சொல்லில் ஒதுக்க வேண்டாம். ஏட்டு வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்கு இடம் உண்டு. இன்றைக்கும் இந்த நாட்டில் ஆயுர்வேத மருந்துக்கென்று அது சட்டப்படி பயன்படுகிறது. மூலிகையால் நரம்பு கெடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தம்பிக்கு வந்தது பயம்.

நெறியாளர் | திங்கள், பகல் 2.00

மோதகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார், இன்னொருவர் பதில் போட்டிருந்தார். இரண்டையும் நீக்கிவிட்டேன். இந்த இழையில் அதற்கு இடமில்லை.

இரவுக் கடமை | செவ்வாய், அதிகாலை 3.40

மனநலப் பிரிவில் பதினொரு வருடம் வேலை செய்த தாதி நான். வைத்தியர் இல்லை. ஆனால் இதே கதையோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பரிகாரி பேரனுக்கு. உங்கள் அப்பப்பா மருந்து கொடுத்தபோது நாடி பார்த்தார், சுத்தி செய்தார், குன்றிமணி அளவில் நிறுத்துக் கொடுத்தார். பைக்கற்றில் வரும் உருண்டையை யார் நிறுத்தார்கள்? ஓர் உருண்டையில் எவ்வளவு கஞ்சா இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. வேறென்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2007இல் எடை கூட்டுவதற்காகக் கஞ்சாவில் ஈயத்தைக் கலந்து விற்று, புகைத்த இளைஞர்கள் ஈய நஞ்சேறி வைத்தியசாலைக்கு வந்தார்கள். வயிற்றுவலி என்றுதான் பலர் வந்தார்கள். மூலிகை என்ற சொல் அதில் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

இனித் தம்பிக்கு. கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளை டி.எச்.சி. என்கிறார்கள். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் உள்ள சில வாசல்களில் ஒட்டிக்கொண்டுதான் அது வேலை செய்கிறது, ஏற்பிகள் என்பார்கள். நம் மூளையே அதே வாசல்களில் பேசும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது 1992இல் தெரியவந்தது. ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அந்த வாசல்கள் ஞாபகம், பயம், உடல் சமநிலை, நேர உணர்வு ஆகியவற்றைப் பார்க்கும் மூளைப் பகுதிகளில் நெருக்கமாக இருக்கின்றன. அலை கண்ணுக்கு முன்பாகவும் சத்தம் பின்பாகவும் வந்தது என்று எழுதினீர்களே, அது கற்பனை இல்லை. நேரத்தைக் கணக்கிடும் வேலை அன்று குழம்பியிருந்தது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் அந்த வாசல்கள் மிகக் குறைவு. சாகிறேன் என்று நம்பிய பிறகும் மூச்சு தானாக ஓடிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். தின்றால் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை எடுக்கும். ஈரலைக் கடக்கும்போது டி.எச்.சி. இன்னும் வலுவான ஒரு பொருளாக மாறுகிறது, அது பல மணி நேரம் நிற்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதைத் தின்பதுதான் பொறி. நீங்கள் மூன்றின் பாரத்தையும் ஒரே நேரத்தில் தாங்கியிருக்கிறீர்கள்.

விரல்கள் மடங்கி விறைத்தது வலிப்பு அல்ல என்றே நினைக்கிறேன். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். கை விறைப்பதும் உதடு மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். இப்போதும் உங்களுக்குத் தெரியாமலே கொஞ்சம் கூடுதலாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம்.

நான்கு மாதமாகியும் ஏன் போகவில்லை? டி.எச்.சி. கொழுப்பில் தங்கும், வழக்கமாகப் புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் காட்டும். ஆனால் அந்தச் சொற்ப மிச்சம் மயக்கம் தருவதில்லை. தென்னந்தோப்பு ஐயா, கோபிக்க வேண்டாம், கஷாயப் பொதி வேண்டியதில்லை. நாள்தோறும் புகைத்தவர்களை ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, நிறுத்தி ஏறத்தாழ நான்கு வாரத்தில் அந்த வாசல்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. தம்பி நாள்தோறும் புகைத்தவருமல்லர். ஆகவே கருகல் எதுவும் இல்லை. அந்த இரவில் அடித்த அபாயமணி அடங்கவில்லை, அவ்வளவுதான். பயந்த மூளை உடம்பை விடாமல் காவல் காக்கும். காவல் காக்கக் காக்க, எல்லோருக்கும் உள்ள சிறு கூவலும் சிறு புள்ளியும் பெரிதாகத் தெரியும். கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போன்ற உணர்வும் மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு வழி. அது பைத்தியத்தின் தொடக்கம் அல்ல. உணர்வு மாறியிருக்கிறதே ஒழிய, எது உண்மை என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பார்வைப் புள்ளி மட்டும் சிலருக்கு நெடுநாள் நிற்கும், கஞ்சாவையே காணாதவர்களுக்கும் வரும். ஒரு தடவை கண் வைத்தியரிடமும் காட்டுங்கள். தைரொயிட், பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் இப்படிப் பொறுத்துப் பார்க்கக் கூடாதவையும் உண்டு. ஒரு பக்கக் கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, இடி விழுந்தது போல் திடீரென்று வரும் தலைவலி, காய்ச்சலோடு குழப்பம். இவற்றில் எது வந்தாலும் 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த இரவிலேயே 1926க்குப் பேசுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

மண்முனை அண்ணன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

வாவிக்கரையான் | செவ்வாய், இரவு 12.20

சொல்லவில்லை. ஓரிடத்திலும் சொல்லவில்லை.

வைத்தியர் கேட்டார். ‘குடி, சிகரெட், வேறு ஏதாவது உண்டா?’ என்று கேட்டார். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா, ‘ஐயோ, என் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை ஐயா’ என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்வது? துண்டு எழுதும் இடத்தில் இருந்தவர் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர். சொன்னால் மாலைக்குள் ஊருக்குத் தெரியும். பொலிசுக்கும் போகுமோ என்று பயந்தேன்.

சங்கிலியை அடகு வைத்தபோதும் சொல்லவில்லை. ஸ்கான் இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்முனை அண்ணன் | புதன், காலை 5.55

நானும் ஐந்து மாதம் மறைத்தேன் தம்பி. அந்த ஐந்து மாதமும் டொக்டர்மார் இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடியது போல் என் வருத்தத்தைத் தேடினார்கள். தேட வேண்டிய பொருளை நான் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். சொன்ன அன்று டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, ‘இப்போது விளங்குகிறது’ என்றார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குப் பாதிச் சுகம்.

தனியாகப் போங்கள். அம்மா வந்தால், ‘ஐயா, ஐந்து நிமிடம் தனியே பேச வேண்டும்’ என்று நீங்களே கேளுங்கள். வாய் வராவிட்டால் ஒரு கடதாசியில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இரவுக் கடமை | புதன், காலை 7.15

கடமை முடிந்து போகிறேன், ஒரு வார்த்தை மட்டும். நோயாளி தன் சுகத்துக்காகச் சொன்னதைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுப்பது வைத்தியரின் வேலை அல்ல. சொன்னதற்காக எங்கள் பிரிவில் ஒருவரையும் ஏசியதை நான் கண்டதில்லை.

அக்கரைப்பற்று சகோதரி | புதன், இரவு 9.05

தம்பிக்கு ஆறுதல் சொல்லும்போது எல்லோருக்கும் இது வெறும் பயம் என்று ஆகிவிடக்கூடாது. அதற்காக என் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

என் கடைசித் தம்பி 16 வயதிலேயே தொடங்கிவிட்டான். 19இல் நாள்தோறும். முதலில் உறக்கம் போனது. பிறகு அடுப்படிச் சுவரில் காதை வைத்துக் கேட்பான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பான். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. உம்மா சமைத்ததை உண்ணமாட்டான், கடையில் வாங்கிய பாணை மட்டும் தானே பிரித்து உண்பான். ஜின் என்றார்கள். ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஓதியதை நான் குறை சொல்லமாட்டேன், அது எங்கள் மனதுக்கு வேண்டியிருந்தது. ஆனால் கிளினிக்குக்குப் போகாமல் ஒரு வருடம் கடத்தினோம். அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

இப்போது மருந்தில் நன்றாக இருக்கிறான். தச்சு வேலைக்குப் போகிறான். மருந்தை விட்டால் இரண்டு வாரத்தில் சுவரில் காது வைப்பான்.

களுவாஞ்சிக்குடித் தம்பிக்குத் தன் கை அந்நியமாகத் தெரிகிறது, ஆனால் அது தன் கைதான் என்று அறிந்திருக்கிறார். என் தம்பிக்கு அந்த அறிவு போய்விட்டது. வீட்டில் யாராவது இல்லாத குரலுக்குப் பதில் பேசினால், பெற்றவர்களையே சந்தேகித்தால், கையோடு கூட்டிப்போங்கள்.

இரவுக் கடமை | வியாழன், அதிகாலை 2.30

சகோதரி சொன்னதை எங்கள் பிரிவில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். சுவீடனில் படைப் பயிற்சிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களில், எடுக்காதவர்களைவிட மனச்சிதைவு ஆறு மடங்கு கூடுதலாக வந்திருந்தது. அதன்பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் காட்டுகின்றன, எல்லோருக்கும் வருவதில்லை என்றாலும். பரம்பரையில் அந்த நோய் உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு தடவைகூடத் தொடக்கூடாது.

கணக்கன் | வியாழன், காலை 10.00

ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே? மனதைத் தைரியமாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் போய்விடும். இத்தனை பக்கம் எழுத என்ன இருக்கிறது?

மண்முனை அண்ணன் | வியாழன், காலை 10.25

ஸ்கான் மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, இரத்தக் கசிவு இருந்தால் தெரியும். வானொலிப் பெட்டியைப் படம் பிடித்தால் அது பாடுகிறதா இரைகிறதா என்று தெரியுமா? அந்தப் பாலத்தில் நின்ற அரை மணி நேரத்தை ஒன்றுமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். தைரியம் இல்லாமலா எட்டு மாதம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்?

கணக்கன் | வியாழன், மாலை 6.40

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என் மகன் இதே வயது. மன்னிக்கவும்.

சம்மாந்துறை நானா | வெள்ளி, பகல் 3.10

நரம்புக்கு நேரே சேராவிட்டாலும் இதையும் எழுதிவைக்கிறேன். என் மருமகன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாள்கணக்கில் வாந்தி எடுப்பான். சுடுநீரில் குளித்தால் மட்டும் நிற்கும். எங்கள் ஊர் வெயிலில் காய்ச்சல் இல்லாதவன் சுடுநீரில் குளிப்பானா? ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளித்தான், முதுகெல்லாம் சிவந்துவிட்டது. வயிற்றுக்குள் கமராவிட்டும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கடைசியில் ஓர் இளம் வைத்தியர் அந்தக் குளியலைப் பற்றிக் கேட்டுவிட்டு, நேரே கஞ்சாவைப் பற்றிக் கேட்டார். நெடுநாள் புகைப்பவர்களுக்கு இப்படி ஒரு வாந்தி வரும் என்று 2004இல் அவுஸ்திரேலியாவில் கண்டு எழுதியிருக்கிறார்களாம். நிறுத்தினான், வாந்தியும் நின்றது. இங்கேயும் மறைத்ததால்தான் இழுபட்டது.

பரிகாரி பேரன் | வெள்ளி, இரவு 8.00

எல்லாவற்றையும் வாசித்தேன். அப்பப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சின்னத் தராசும் குன்றிமணிகளும் அப்படியே இருக்கின்றன. தாதி அம்மா சொன்னது சரி, அவர் நிறுக்காமல் எதையும் கொடுத்ததில்லை. பைக்கற்றுக்குப் பரிந்து பேசியது என் பிழை.

வாவிக்கரையான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

போனேன், சொன்னேன்.

கடதாசியில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் வேண்டியிருக்கவில்லை. ‘அம்மா கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. வைத்தியர் எத்தனை உருண்டை, எத்தனை மணிக்கு, பிறகு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். குரல் கேட்கிறதா, யாரையாவது சந்தேகமா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்றும் கேட்டார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். தாதி அக்கா எழுதியதைப் போலவே விளக்கினார். சிறு அளவில் ஒரு மருந்து தந்திருக்கிறார். பெயரைப் போடமாட்டேன், யாரும் தாமாக வாங்கிவிடக்கூடாது. மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொன்னார். ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும், பகலில் உறங்கக்கூடாது. புள்ளி இருக்கிறதா என்று சுவரைப் பார்த்துச் சோதிப்பதை நிறுத்த வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

அன்று இரவே அம்மாவிடமும் சொன்னேன். மோதகம் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு மோதகம் என்றால் பிள்ளையாருக்குப் படைப்பதுதான். ‘கோயில் மோதகத்திலா மகன் நஞ்சு கலந்தார்கள்?’ என்று கேட்டார். முழுவதையும் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய்ப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தார். சங்கிலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நூலை அவிழ்க்கவா என்று கேட்டேன், அது கிடக்கட்டும் என்றார்.

அக்கரைப்பற்று சகோதரி | ஞாயிறு, இரவு 7.00

அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தாய்க்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள் தம்பி.

வாவிக்கரையான் | இரண்டு மாதம் கழித்து, செவ்வாய் இரவு 8.15

முழுச் சுகம் என்று எழுத முடியாது. கூவல் இருக்கிறது, இரவில் கூடும். உடம்பு தூக்கிப்போடுவது நின்றுவிட்டது. சங்கிலியை மீட்க வேலைக்குப் போகிறேன், பாதிக் காசு சேர்ந்திருக்கிறது.

நேற்று மாமாவின் வட்டைக்குத் தண்ணீர் கட்டப் போனேன். வெள்ளாமை முழங்கால் உயரம் நிற்கிறது. வரம்பில் ஓரிடத்தில் உடைப்பு. மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்துவிட்டு, சேற்றோடு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து அந்தப் பெரிய வானத்துக்குக் கீழே நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூடப் புள்ளிகளைத் தேடிப் பார்க்கவில்லை.

அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. அம்மாவும் வருகிறார். இந்தத் தடவை அவரை வெளியே இருக்கச் சொல்லப்போவதில்லை.